சிந்தனை எண் 1,504

ஜூன் 12, புதன்

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்தது. ஐந்து மாதம் மேஜை டிராயரில் சும்மா கிடந்தது. இன்று ஆத்திரத்தில் எடுத்தேன். யாரிடமாவது கொட்டித் தீர்த்தாக வேண்டும். வீட்டில் மனைவி தமயந்தி டி.வி. பார்த்துக்கொண்டே "ம்" கொட்டுகிறாள், அதெல்லாம் கேட்பதில் சேராது.

பெயர்: பவுன்ராஜ். வயது: 56. பதவி: அலுவலகக் கண்காணிப்பாளர், அன்னபாக்கியம் செவிலியர் கல்லூரி, தேனி. இதையெல்லாம் எனக்கே ஏன் எழுதிக்கொள்கிறேன் என்று தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக விண்ணப்பம் நிரப்பிய கை, காலி இடத்தைப் பார்த்தால் நிற்காது.

விஷயத்துக்கு வருகிறேன். பொற்கொடி என்று எங்கள் பழைய மாணவி. பதினோரு வருடத்துக்கு முன் படித்து முடித்தவள், இப்போது மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. நர்ஸ். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த ஊர் நர்சிங் கவுன்சில் ஒரு சான்று கேட்கிறது: இந்தப் பெண் எங்களிடம் இத்தனை மணி நேரம் பாடம் படித்தாள், இத்தனை மணி நேரம் வார்டில் நின்றாள் என்று. அதைக் கல்லூரியே தன் சொந்த மெயில் முகவரியிலிருந்து நேராக அனுப்ப வேண்டும். ஜிமெயிலில் அனுப்பினால் குப்பைக் கூடை. தபாலில் போனால் மூன்று வாரம். கடைசி நாள் ஜூன் 28, வெள்ளி. தாண்டினால் கோப்பை மூடிவிடுவார்கள், பிறகு இங்கிலீஷ் பரீட்சையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அந்தப் பரீட்சையை அவள் மூன்றாவது தடவையில்தான் தாண்டினாள்.

பிரின்சிபால் மேடம் கையெழுத்துப் போட்டார். ஸ்கேன் செய்து பதினோரு மணிக்கு அனுப்பினேன். 11.05க்குத் திரும்பி வந்துவிட்டது. கூடவே இங்கிலீஷில் ஒரு பக்கம், நடுவில் 550 என்று ஒரு எண். முகவரி தப்பாக இருக்கும்.

இன்றைய சிந்தனையை (எண் 1,504) காலை ஐந்தே முக்காலுக்கே ஏற்றிவிட்டேன்: "ஊசி சிறியதுதான், அது இல்லாமல் மருந்து உள்ளே போகாது." இது நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

பொற்கொடியைப் போனில் கூப்பிட்டு முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி அனுப்பினேன். நேற்று ஐந்து நிமிடத்தில் திரும்பியது, இன்று மூன்றே நிமிடம். திருப்பி அனுப்புவதிலாவது முன்னேற்றம் இருக்கிறது.

நமக்கு இணையதளத்தையும் மெயிலையும் வாடகைக்குக் கொடுத்திருக்கிற ஹோஸ்டிங் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். புகார் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும், டிக்கெட் என்று சொல்ல வேண்டும். சினிமாவுக்கு எடுத்தால் படமாவது போடுவான். நாலு மணி நேரம் கழித்து கெவின் என்பவர் பதில் எழுதினார்: பிரவுசரில் சேர்ந்திருக்கிற பழைய குப்பையைச் சுத்தம் செய்து பார்க்கவும். கெவின் அம்பத்தூரில் உட்கார்ந்திருக்கிற ஏதோ ஒரு கோவிந்தராஜாக இருக்கும் என்பது என் அனுமானம். சுத்தம் செய்தேன். நான் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள் எல்லாம் சுத்தமாகப் போயின. மெயில் போகவில்லை.

சிந்தனை எண் 1,505: "சலைன் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், வெற்றியும் அப்படியே."

சிந்தனை பற்றி ஒரு வார்த்தை. தினமும் ஒரு வரி மெயிலில் போக வேண்டும் என்பது தாளாளர் அய்யா ரத்தினவேல் அவர்களின் உத்தரவு. கொரோனா முதல் அலையில் ஆரம்பித்தது. கீழே அவர் பெயர்தான் இருக்கும். எழுதுவது யார் என்பது நிர்வாக விஷயம், அதை விடுவோம். பழைய மாணவிகள், அவர்களுடைய பெற்றோர், எப்போதோ விண்ணப்பம் கேட்டு எழுதியவர்கள், ஆய்வுக்கு வந்தவர்கள், மருந்துக் கம்பெனி ஆட்கள் எல்லோரையும் சேர்த்து 4,316 முகவரிகள். ஒவ்வொன்றும் நானே தேடித்தேடிச் சேர்த்தது. மணிக்கு இருநூறுக்கு மேல் அனுப்பக் கூடாது என்பது ஹோஸ்டிங் கம்பெனியின் விதி. முன்பு இணையதளம் செய்து கொடுத்தவர் கெட்டிக்காரர், மணிக்கு நூற்றுத் தொண்ணூறு வீதம் தானாகப் போகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தார். எல்லாம் போய் முடிய இருபத்து மூன்று மணி நேரம் ஆகும். இங்கிலீஷ் அகர வரிசைப்படி போவதால் ஏ-யில் தொடங்கும் அமுதாவுக்கு இன்றைய சிந்தனை காலை ஆறு மணிக்கு. இஸட்டில் தொடங்கும் ஜீனத் பேகத்துக்கு மறுநாள் விடியலில். அந்த அம்மாள் இதுவரை குறை சொன்னதில்லை.

ஜூன் 14, வெள்ளி

வேறு பிரவுசரில் முயன்று பார்க்கச் சொல்கிறார் கெவின். முயன்றேன். போகவில்லை. வேறு கெவினை முயன்று பார்க்க வழி உண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

காஸ் சிலிண்டர் வந்தது. மிக்சி போனது. தமயந்திக்கு இன்றைய சிந்தனையை வாசித்துக் காட்டினேன்: "தெர்மாமீட்டர் காய்ச்சலைக் குறைக்காது, உண்மையைச் சொல்லும்."

"மிக்சிய எப்ப ரிப்பேருக்குக் கொண்டு போறீங்க?" என்றாள்.

நேற்றைய சிந்தனைக்கு மூன்று பதில்கள் வந்திருந்தன. இரண்டு, "விடுமுறையில் இருக்கிறேன், திங்களன்று பார்க்கிறேன்" என்று தானாக வந்தவை. ஆனாலும் பார்க்கிறேன் என்கிறார்களே. மூன்றாவது ஒரு மருந்துக் கம்பெனி ஆள்: "தயவுசெய்து எடுத்துவிடவும்." எதை எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவசரத்தில் பாதியில் அனுப்பிவிட்டார் போல.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பக்ரீத் விடுமுறை. இன்று கெவினுக்குப் பதில் லாரா. லாராவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அந்த அம்மாள் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி: நாம் குறைந்த வாடகைத் திட்டத்தில் இருக்கிறோம். ஒரே காம்பவுண்டுக்குள் இருநூற்றுப் பத்துக் குடித்தனம், எல்லோருக்கும் தெருவுக்குப் போக ஒரே வாசல். காம்பவுண்டில் யாரோ ஒருவர் கண்டபடி மெயில் அனுப்பி ஊரார் வெறுப்பைச் சம்பாதித்திருக்கிறார். அதனால் எங்கெங்கோ இருக்கிற பெரிய மெயில்காரர்கள் சிலர் இந்த வாசலையே தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். யார் அந்த ஆள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம், பொறுத்திருக்கவும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எவனோ ஒரு பொறுக்கி, ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்காமல் கொள்ளாமல் மெயில் அனுப்பித் தொலைத்ததற்கு, ஒரு நர்சுப் பெண்ணின் பிழைப்பு கெடுவதா? இப்படிப்பட்ட ஆட்களை நாலு பேர் பார்க்க நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

சிந்தனை எண் 1,510 கோபத்தில் எழுதியதாலோ என்னவோ கொஞ்சம் நீளம்.

ஜூன் 19, புதன்

வாசல் எண்ணைப் போட்டால் அந்தக் காம்பவுண்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று காட்டுகிற ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தேன். மத்தியானம் முழுவதும் அதில் போனது. ஆட்களைப் பார்க்க வேண்டுமே: ஒல்லியாக்கும் பவுடர், பெயின்ட் கடை, கல்யாண மண்டபம், பழைய டயர் வியாபாரம், வாழைத்தார் ஏலம், காரைக்குடியில் ஒரு நாடி ஜோதிடர்.

ஒல்லியாக்கும் பவுடர்மேல்தான் முதல் சந்தேகம். ஆனால் அவர்களுடைய இணையதளம் இரண்டு வருடமாகத் திறக்கவே இல்லை, கடையே ஒல்லியாகிவிட்டது. மிச்சம் ஜோதிடர். முகப்பிலேயே "உங்களுக்காகத் தினமும் ஒரு பலன்" என்று போட்டிருக்கிறது. தினமும்! ஆள் அகப்பட்டான்.

என் ஜிமெயிலில் இருந்து காரசாரமாக ஒரு கடிதம். "தங்களைப் போன்றோர் பொழுதுபோகாமல் ஊருக்கெல்லாம் அனுப்பும் அரைவேக்காட்டு வாசகங்களால் ஒரு புனிதமான கல்வி நிறுவனம் பாதிக்கப்படுகிறது" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். எனக்கு உரைநடை இவ்வளவு வரும் என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 20, வியாழன்

பொற்கொடி போன் செய்தாள்.

"சார், போயிருச்சா சார்?"

"ஆளக் கண்டுபிடிச்சாச்சும்மா. ஒரு ஜோசியன். ரெண்டு நாள்ல முடிச்சுருவோம்."

"சார், நான் இங்க நோட்டீஸ் குடுத்துட்டேன். முப்பதாம் தேதியோட இங்க வேலை முடியுது. எடத்துக்கு வேற ஆளும் போட்டுட்டாங்க. அங்கயும் இல்ல, இங்கயும் இல்லன்னு ஆயிருச்சுன்னா..."

முடிக்கவில்லை. பின்னாலே ஏதோ மெஷின் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. "ஒரு நிமிஷம் சார், பேஷன்ட்" என்று வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிடவில்லை. இந்தப் பெண் படிக்கிற காலத்தில் கட்டணம் கட்ட என் மேஜைக்கு முன்னால் நிற்பாள், கூட யாரும் வர மாட்டார்கள். அது இன்று திடீரென்று ஞாபகம் வந்தது. சாயங்காலம் வரை வேலை ஓடவில்லை.

ஜூன் 21, வெள்ளி

ஜோதிடரே போன் செய்துவிட்டார். என் கடிதத்தின் அடியில் நம்பர் போட்டிருந்தேன், பழக்கதோஷம்.

"அய்யா, காரைக்குடியிலேருந்து பேசறேன். ஒங்க லெட்டரப் படிச்சேன். நல்லாத் திட்டியிருக்கீங்க. ஆனா எம் மெயிலும்தான் பத்து நாளாப் போகல."

"பின்ன தினமும் பலன் அனுப்புறது யாரு?"

"அதெல்லாம் வாட்சாப்புல போகுதுங்க. மெயிலு, ஜாதகம் கேட்டு எழுதுறவுகளுக்கு மட்டுந்தான். வாரத்துக்கு நாலு போனா பெரிசு. நானும் கம்பெனிக்காரனைப் போட்டு உலுக்கிட்டேன். அவுங்க சொல்றாக, ஏதோ ஒரு நர்சிங் காலேசு தெனமும் நாலாயிரம் பேருக்குத் தத்துவம் அனுப்புதாம். ராத்திரி பகலா போய்க்கிட்டே இருக்காம். அதுல வந்த வெனையாம். ஒங்க ஊருப் பக்கமுன்னு சொன்னாக, ஒங்களுக்கு யாருன்னு தெரியுமா?"

தேனியைச் சுற்றி நர்சிங் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன என்றேன். அது உண்மைதான்.

இவ்வளவு பெரிய சங்கதி தனக்கு நடக்கப்போவதை முன்கூட்டிக் கணிக்கத் தெரியாத ஜோதிடர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது ஒரு கேள்வி. தவிர, "தத்துவம்" என்றார். நாம் அனுப்புவது சிந்தனை.

ஜூன் 22, சனி

யாராவது ஒரு மனிதர் என்னிடம் வாயால் பேச வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதினேன். மிக்சியைக் கொடுத்தேன். சிந்தனை எண் 1,514 வழக்கம்போல். நிறுத்துவதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஜூன் 24, திங்கள்

மனிதர் பேசினார். ஷர்மிளா பானு என்று பெயர், கோயம்புத்தூர் ஆபீசாம். கெவின், லாரா இருவரைவிடவும் நல்ல தமிழ், நல்ல மரியாதை. அதனால்தான் நன்றாக வலித்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மெயிலெல்லாம் உங்க அக்கவுன்ட்ல இருந்துதான் போகுது. ஒரு நாளைக்கு நாலாயிரத்து முந்நூத்திப் பதினாறு. மணிக்கு நூத்தித் தொண்ணூறுன்னு லிமிட்டுக்குக் கொஞ்சம் கீழயே போனதால எங்க சிஸ்டம் இவ்வளவு நாள் கண்டுக்கல. அது எங்க தப்பு. ஆனா வாங்குறவங்க ஸ்பாம்னு, வேண்டாத குப்பைன்னு, அமுக்கியிருக்காங்க சார்."

"யாரோ நாலு பேரு கை தவறி அமுக்கியிருப்பாங்க."

"இந்த மாசம் மட்டும் அறுநூத்திப் பதினொரு பேர்."

லைன் போய்விட்டது என்று நினைத்து "சார், சார்" என்றார்.

வழி இருக்கிறதாம். அனுப்புவதை நிறுத்த வேண்டும். முகவரிப் பட்டியலை அழிக்க வேண்டும். இனி அனுப்ப மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வைத்து அவர்கள் தடைப் பட்டியல்காரர்களிடம் விண்ணப்பிப்பார்கள். வாசல் திறக்க ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும். "இன்னிக்கே நிறுத்திட்டீங்கன்னா புதன்கிழமை உங்க லெட்டர் போயிரும் சார்" என்றார்.

இது தாளாளர் அய்யாவின் உத்தரவில் நடக்கிற காரியம், அவர் ஒப்புதல் இல்லாமல் நான் எதையும் நிறுத்த முடியாது என்றேன். "அப்ப அவர்கிட்டக் கேளுங்க சார்" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

அறுநூற்றுப் பதினொரு பேர். அதில் ஜீனத் பேகமும் உண்டா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

அய்யா குற்றாலத்தில் இருக்கிறார். சீசனுக்குப் போனவர், வியாழன்தான் வருவார். இதெல்லாம் போனில் கேட்கிற விஷயமா? நேரில் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டிய சமாச்சாரம். அவர் மனசு எவ்வளவு கஷ்டப்படும்! நாலு வருடமாக ஒரு நாள் விடாமல் செய்துகொண்டு வருகிற தொண்டு.

ஷர்மிளா பானுவுக்குப் போன் செய்து, பட்டியலை அழிக்காமல் பாதிப் பேருக்கு மட்டும் அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். போதாதாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள்? கூடாதாம். நிறைய எழுதி வாரத்துக்கு ஒரு தரம்? "சார், அந்த நர்ஸ் பொண்ணு லெட்டர் அவசரம்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார்.

அவசரம்தான். இல்லை என்று யார் சொன்னது.

மிக்சி வந்துவிட்டது. ரிப்பேர்க்காரன் வயரை மாற்றி மாட்டியிருக்கிறான், ஆன் செய்தால் பின்பக்கமாகச் சுற்றுகிறது.

சிந்தனை எண் 1,517: "கட்டுப் போட்டவர் மறந்துவிடுவார், காயம் மறக்காது." ஏற்றும்போது விரல் சற்று நின்றது. இன்று ஒரு நாள்தானே என்று ஏற்றிவிட்டேன்.

ஜூன் 26, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்குப் பொற்கொடி நேராக ஆபீசுக்கு வந்து நின்றாள். இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறாளாம். மதுரையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். நான் முன்பு எந்த மேஜைக்கு முன்னால் நிற்க வைத்தேனோ அதே இடத்தில் வந்து நிற்கப் போனாள், உட்காரச் சொன்னேன். ஆள் இளைத்திருந்தாள்.

"சார், லெட்டர் போற வரைக்கும் இங்கயே ஒக்காந்திருக்கேன். நான் எதாச்சும் செய்யணும்னா சொல்லுங்க."

எதுவும் செய்ய வேண்டாம், டெக்னிக்கல் சிக்கல் என்றேன். அந்தச் சொல்லைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இவள் ஐ.சி.யூ.வில் பத்து வருடம் மெஷின்களோடு மல்லுக்கட்டியவள். நாற்காலியை இழுத்து என் கம்ப்யூட்டர் பக்கம் போட்டுக்கொண்டு "காட்டுங்க சார்" என்றாள்.

திரையில் சிந்தனை ஓடிக்கொண்டிருந்தது. எண் 1,518, இதுவரை 760 பேருக்குப் போயாயிற்று என்று ஒரு கோடு ஊர்ந்தது.

"இதுவா சார்!" என்றாள். சிரித்துவிட்டாள். இந்த இரண்டு வாரத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான். "இது இன்னுமா வருது? எங்க பேட்ச்ல எல்லாரும் எப்பவோ ஸ்பாம்ல போட்டுட்டோம் சார். நாந்தான் மொதல்ல போட்டேன். மத்தவளுகளுக்கும் எப்படிப் போடணும்னு குரூப்புல சொல்லிக் குடுத்தேன். நைட் டூட்டி முடிஞ்சு அப்பத்தான் கண்ணசருவோம், தூங்குற நேரமாப் பாத்து டிங்குன்னு வரும். தெறந்தா சலைன் சொட்டுதுன்னு இருக்கும். ராத்திரி முச்சூடும் அதத்தான சார் பாத்துட்டு வர்றோம்."

சிரித்துக்கொண்டே இருந்தவள் கோடு ஊர்வதைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது. கெட்டிக்காரப் பெண், யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"சார். இதனாலதான் என் லெட்டர் போகலையா?"

"ஆமா."

"நான் ஸ்பாம்ல போட்டதாலயா?"

"நீ மட்டும் இல்லம்மா. அறுநூத்திப் பதினொரு பேரு."

"நிறுத்துனாப் போயிருமா?"

"போயிரும்ங்கிறாங்க."

"அப்ப ஏன் சார் இன்னும் ஓடுது?"

தாளாளர் ஒப்புதல், குற்றாலம், பக்குவம் என்று நான் வைத்திருந்த எல்லாம் வாய்வரை வந்தன. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்து அய்யாவைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள், போட்டேன். அருவிச் சத்தம் காதைப் பிளந்தது.

"யாரு, பவுன்ராஜா? சொல்லுய்யா, தண்ணி கொட்டுது, சத்தமாச் சொல்லு."

"அய்யா, நம்ம சிந்தனைய நிறுத்த வேண்டியிருக்குங்கய்யா."

"என்னது?"

"சிந்தனைங்கய்யா! இன்றைய சிந்தனை!"

"எந்தச் சிந்தனை?"

"தினமும் ஒங்க பேர்ல அனுப்புறோமே. நாலாயிரம் பேருக்கு. மெயில்ல."

"அடப்பாவி, அத இன்னுமா அனுப்பிக்கிட்டிருக்க? கொரோனா நேரத்துல, ஆஸ்டல மூடிட்டோமேன்னு புள்ளைகளுக்குத் தைரியமா ஒரு வாரம் நாலு வரி போடுன்னுதான்யா சொன்னேன். என் பேர்லயா போகுது? என்னென்ன எழுதித் தொலைச்ச?" பக்கத்தில் யாரிடமோ, "ஏ, எண்ணெயக் கண்ணுல படாமத் தேயி" என்றார். பிறகு, "நிறுத்துய்யா மொதல்ல" என்று வைத்துவிட்டார்.

நான் பொற்கொடி பக்கம் திரும்பவில்லை. ஓடுவதை நிறுத்தினேன். பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். 4,316 பெயரையும் நிரந்தரமாக அழிக்கவா, உறுதியா என்று கேட்டது. அந்த மெஷினுக்காவது கேட்கத் தோன்றியது. உறுதி என்று அமுக்கினேன். சேர்க்க நாலு வருடம் ஆனது, அழிய நாலு விநாடிகூட ஆகவில்லை.

இனி அனுப்ப மாட்டோம் என்று கம்பெனிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியபோது மணி 11.40. திங்கட்கிழமை இதே வேலையைச் செய்திருந்தால் சான்று இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். திங்கள் செய்யாததற்குத் தாளாளர் காரணம் இல்லை. குற்றாலமும் காரணம் இல்லை. டைரியில்கூட இதை எழுத மூன்று நாள் ஆகியிருக்கிறது எனக்கு.

ஜூன் 27, வியாழன்

காலை 10: அனுப்பினேன். திரும்பியது.

பகல் 1: திரும்பியது.

மாலை 4: திரும்பியது. ஷர்மிளா பானு நாலு தரம் பேசினார். விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது, அந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள் எடுக்க வேண்டும், அவர்களை அவசரப்படுத்தினால் கோபத்தில் இன்னும் தாமதம் செய்வார்களாம். எல்லா ஊரிலும் ஆபீஸ் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

பொற்கொடி ஹாஸ்டலில் வார்டன் ரூமில் தங்கியிருக்கிறாள். இரண்டு வேளையும் அங்கே சாப்பாடு அனுப்பச் சொன்னேன். தட்டு அப்படியே திரும்பி வந்ததாக வார்டன் சொன்னார். இன்று எதுவும் எழுதி ஏற்றவில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு முழிப்பு வந்துவிட்டது, கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. அந்தப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்ற பயம். வேறு எதுவும் மனதில் இல்லை.

ஜூன் 28, வெள்ளி

காலை 10: திரும்பியது.

12.30: திரும்பியது. பிரின்சிபால் மேடம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

2 மணி: திரும்பியது. பொற்கொடி பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டாள், சாயங்காலம் அவளுக்கு டூட்டி. "இருந்து பாத்துட்டுப் போம்மா" என்றேன். "என் எடத்துக்கு வந்திருக்கிற புதுப் புள்ளைக்குத் தனியா நிக்க வராது சார். இன்னும் ரெண்டு நாளு அது என் வார்டு" என்றாள்.

3.20: அனுப்பினேன். மூன்று நிமிடம். வரவில்லை. ஐந்து நிமிடம். வரவில்லை. பத்து நிமிடம் ஆகியும் எதுவும் திரும்பவில்லை. 3.34க்குக் கவுன்சிலிலிருந்து நாலு வரி: சான்று கிடைத்தது, கோப்பில் சேர்க்கப்பட்டது. அந்தக் காகிதத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு காரிடாரில் ஓடினேன். ஐம்பத்தாறு வயது ஆள் ஓடுவதைப் பார்த்து முதலாம் ஆண்டுப் பெண்கள் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று ஸ்ட்ரெச்சரை எடுத்துவிட்டார்கள். பிரின்சிபால் மேடத்திடம் கொடுத்துவிட்டு வந்து பொற்கொடிக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் இருந்தாள்.

"போயிருச்சும்மா! பதிலும் வந்துருச்சு!"

அந்தப் பக்கம் அழுகிற சத்தம், பக்கத்துச் சீட்டில் யாரோ என்னம்மா என்னம்மா என்று கேட்கிற சத்தம். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்க ஆபீசில் ஆளும் இல்லை.

"ரொம்ப நன்றி சார். ரெண்டு வாரமா எனக்காக எவ்வளவோ அலைஞ்சுட்டீங்க."

இதைக் கேட்டபடி வைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மனசு கேட்கவில்லை.

"இல்லம்மா. திங்கக்கெழமையே சரி பண்ணியிருக்கலாம். விஷயம் தெரிஞ்சும் ரெண்டு நாளு ஓட விட்டேன். அத எழுதுனது தாளாளர் இல்ல. நாந்தான். நாலு வருஷமா."

பஸ் ஹாரன் அடித்தது. நிறுத்தத்தில் நின்று மறுபடி கிளம்பியது.

"அது அன்னிக்கே ஸ்பீக்கர்ல கேட்டேன் சார்" என்றாள். கோபமாகத் தெரியவில்லை. கணக்குப் பார்க்கிற மாதிரிதான் பேசினாள். "யாருமே கேக்கல. நாலாயிரம் பேத்துக்குத் தெனமும் தவறாமப் போச்சு. நான் ஒருத்தி கேட்டேன். அது போறதுக்குப் பதினாறு நாளாச்சு."

"ஆமாம்மா" என்றேன்.

"சரி சார், கண்டக்டர் வர்றாரு" என்று வைத்தாள்.

இன்றோடு சிந்தனை நின்று இரண்டு நாள். ஆபீஸ் போன் பகல் முழுக்க அடித்தது: கட்டணம், ஹாஸ்டல் இடம், மாற்றுச் சான்றிதழ். ஏன் வரவில்லை என்று நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பொற்கொடி சொன்னதை வார்த்தை மாறாமல் மேலே எழுதி வைத்திருக்கிறேன். நாலு வருடத்தில் இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. இது யாருக்கும் போகாது.